அரை மார்க் டீச்சர் பாராட்டத் தொடங்கிய வருஷம்

பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அரை மார்க். அது டீச்சருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாக நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர். 'இலை' என்று எழுத வேண்டிய இடத்தில் எவனாவது 'இழை' என்று எழுதினால் அரை மார்க் போய்விடும். பதில் முழுக்கத் தப்பாக இருந்தாலும், இதயத்தின் படத்தை ஒழுங்காகப் போட்டு அம்புக்குறி சரியாக இழுத்திருந்தால் அரை மார்க் வந்துவிடும். பட்டப்பெயரில் அவருக்குக் கோபமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"முழுசா குடுக்கவும் வேண்டாம், ஒண்ணும் குடுக்காம விடவும் வேண்டாம். அரை குடுக்கணும்னாதான் பேப்பரை உக்காந்து படிக்கணும்" என்று கணவரிடம் சொல்வார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கால் பவர் வித்தியாசத்துக்காக ஒரு மணி நேரம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறவர். அதனால் இதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் சமைத்து வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டபோது, "உப்பு சரியா இருக்கு" என்று டீச்சரிடமிருந்து பதில் வந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவர் என்பதால்தான் குடும்பம் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தத் திட்டம் வந்து விழுந்தது.

புதிதாக வந்த தலைமையாசிரியர் ஏதோ பயிற்சிக்குப் போய், தடிமனான ஒரு கோப்போடு திரும்பி வந்தார். மார்க்கை மட்டும் பார்க்கிற காலம் மலையேறிவிட்டதாம். இனிமேல் குணத்தைப் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் மாதம் நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு குணத்தின் பெயரில் பாராட்டுச் சான்றிதழ் தர வேண்டும். போட்டோ எடுத்து வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் குடும்பங்களுக்குப் போகிற கடிதத்திலும் அதை எழுத வேண்டும். வருஷம் முடிவதற்குள் வகுப்பில் ஒருத்தர்கூட விடுபடக் கூடாது.

"ஒன்பது மாசம், மாசம் நாலு பேர். உங்க ஏழாம் வகுப்புல முப்பத்தாறு பிள்ளைங்க. கணக்கு அப்படியே கச்சிதமா பொருந்துது பாருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர், ஏதோ அவரே பார்த்துப் பார்த்துப் பெற்றுப் போட்ட மாதிரி.

டீச்சர் எந்த வேலையையும் ஒப்புக்குச் செய்யத் தெரியாதவர். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நாள்தோறும் கவனித்ததைக் குறித்து வைத்தார். யார் யாருக்குப் பென்சில் கொடுத்தார்கள், யார் சண்டையை விலக்கினார்கள், யார் உடைந்த சோதனைக் குழாயைப் பையில் ஒளிக்காமல் கொண்டுவந்து காட்டினார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கடிதத்தையும் அதே சிரத்தையோடு எழுதினார். 'இந்த வாரம் செரிமான மண்டலம் படித்தோம். சிறுகுடலின் நீளத்துக்குக் கயிறு வெட்டி, வகுப்பிலிருந்து நடைபாதைவரை பிடித்துப் பார்த்தோம். பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள்.' பதிலாக இரண்டு வீட்டிலிருந்து போனில் கட்டைவிரல் படம் வந்தது. மூன்றாவது வீட்டில், தண்ணீர் பாட்டில் மூடி ஒன்று காணாமல் போயிருக்கிறது, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

முதல் மாதம் ஒரு பையனுக்குக் 'கனிவு' என்று சான்றிதழ் போனது. மறுநாள் காலையில் அவன் அம்மா வந்து நின்றாள்.

"டீச்சர், மனசுல இருக்கிறத ஒளிக்காம சொல்லுங்க. படிப்பு வராதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"அப்படி யாரும்மா சொன்னா?"

"கனிவுன்னு போட்டிருக்கீங்களே. படிக்கிற பிள்ளைக்கு யாராவது கனிவுன்னு குடுப்பாங்களா?"

அடுத்து 'விடாமுயற்சி'. அந்தப் பெண்ணின் அப்பா வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "விடாமுயற்சின்னா என்ன அர்த்தம் டீச்சர்? எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாதுன்னுதானே?" 'நேர்மை' வாங்கியவனின் அம்மா வேறு மாதிரி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டாள்: "எதை ஒத்துக்கிட்டான்? எங்ககிட்ட வீட்ல ஒண்ணும் சொல்லலையே?"

கடிதத்தை யாரும் படிப்பதில்லை என்று ஆதங்கப்பட்ட டீச்சருக்கு, ஒரே ஒரு சொல்லை மட்டும் எல்லாரும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள் என்பது புரிந்தது. அதற்காக அவர் பின்வாங்கவில்லை. வந்தவர்களை உட்காரவைத்து, நோட்டை விரித்து, தேதிவாரியாகச் சொன்னார். பாதிப்பேர் சமாதானமானார்கள். மீதிப்பேர், நோட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

இப்படியே எட்டு மாதம் கழிந்து, ஒன்பதாவது மாதத்தில் மூன்று பேரும் முடிந்தபின், ஒரே ஒரு பெண் மிச்சமிருந்தாள். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். டீச்சர் அவள் பக்கத்தைத் திருப்பினார். முதல் மாதத்தில் 'ஒழுங்காக இருக்கிறாள்' என்று எழுதியிருந்தது. இரண்டாம் மாதத்தில் 'மேற்படி'. அதற்குப் பிறகு வெற்றுக் காகிதம். அந்தப் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. ஒரு வருஷம் கண்முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை. டீச்சருக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் முழுக்க அவளை மட்டுமே கவனித்தார். திங்கள், செவ்வாய் நீலப் பாட்டில் கொண்டுவந்தாள். வியாழன், வெள்ளி பச்சைப் பாட்டில். கணக்கு நோட்டுக்கு ஒரு நாள் பழுப்பு அட்டை, இன்னொரு நாள் பூப்போட்ட அட்டை. வெள்ளிக்கிழமை, அச்சடித்த கடிதங்களை வரிசைவரிசையாகக் கைமாற்றி விட்டபோது, அவள் ஒன்றை எடுத்தாள். ஒரு நொடி தயங்கி இன்னொன்றையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். வருஷம் முழுக்க வாரம் ஒரு கடிதம் குறைந்ததும், அச்செடுத்துத் தருகிற ஊழியரை வாரம் தவறாமல் டீச்சர் கடிந்துகொண்டதும் இதனால்தான்.

இடைவேளையில் அவளை அழைத்து, இந்த மாதம் உன் முறை என்றார்.

"எனக்கு வேண்டாம் மிஸ்" என்றாள். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"ஏன்மா? எல்லாருக்கும் குடுத்தாச்சே."

"சர்டிபிகேட் ஒண்ணுதானே மிஸ் இருக்கும்? எந்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?"

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அப்பாவும் அம்மாவும் பிரிந்து இரண்டு வருஷமாகிறது. நாலு தெரு தள்ளித்தான் இரண்டு வீடும். வாரத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. சண்டை சச்சரவு இல்லாமல் பேசி முடித்துப் பிரிந்தவர்கள். சண்டையெல்லாம் மகளுடைய பொருள்கள்மேல்தான். போன வருஷம் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய படம் எந்த வீட்டுச் சுவரில் தொங்குவது என்று இரண்டு மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் அவள் அதே படத்தை இன்னொரு தடவை வரைந்து கொடுத்தாள்.

"ரெண்டாவது அவ்வளவு நல்லா வரல மிஸ். ஆனா எது ரெண்டாவதுன்னு யாருக்கும் தெரியாது" என்றாள். "மார்க் ஷீட்டுக்குப் பிரச்னையில்ல. ஜெராக்ஸ் எடுத்துக்குவேன். ஒரிஜினல் ஒரு தடவை அங்க, ஒரு தடவை இங்க."

"இந்தத் தடவை யார் முறைன்னு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும் மிஸ்" என்றாள், இதுவும் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் டீச்சர் கடைக்கே போய், கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"ரெண்டு குடுத்துடேன்" என்றார் கணவர், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

"ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதாங்க. அதான் விதி."

"நான் ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவரா போடுறேன்? அவளுக்கு ரெண்டு குணம் இருந்தா ரெண்டு குடு. பொய்யா சொல்லப்போற?"

பொய்யில்லை என்பதுதான் டீச்சரை அசைத்தது. 'பொறுப்பு' என்று ஒன்று, 'பொறுமை' என்று ஒன்று, இரண்டு சான்றிதழ் எழுதினார். யாருக்கு எது என்று தீர்மானித்தது அந்தப் பெண். அம்மாவுக்குப் பொறுமையைக் கொடுத்தால் குத்திக்காட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்வாளாம். அப்பாவுக்குப் பொறுப்பைக் கொடுத்தாலும் அதே கதைதானாம். எனவே பொறுப்பு அம்மா வீட்டுக்கும் பொறுமை அப்பா வீட்டுக்கும் போயின. வெள்ளிக்கிழமைக் கடிதத்தையும் டீச்சர் இரண்டு விதமாக எழுதினார். வாழ்நாளில் ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதியது அதுதான் முதல் தடவை.

நாலு நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. அப்பா சான்றிதழைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் பெருமையாகப் போட்டார். அம்மாவும் போட்டாள். பெண்ணின் அத்தை இரண்டையும் பார்த்துவிட்டு, நல்ல மனசோடு இரண்டு படத்தையும் சேர்த்து இருவருக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பினாள்: 'ரெண்டு சர்டிபிகேட்டா! கெட்டிக்காரி!'

மறுநாள் காலை இருவரும் தனித்தனியாகத்தான் புறப்பட்டார்கள். பள்ளி வாசலில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

அப்பாதான் ஆரம்பித்தார். "பொறுப்பு அவங்களுக்கு, எனக்குப் பொறுமை. நான் பொறுப்பில்லாதவன்னு எழுதியே குடுத்திட்டீங்க, இல்ல?"

"அப்போ பொறுமையை அவர் வீட்லதான் கத்துக்கிட்டாளா?" என்றாள் அம்மா. "ராத்திரி பகலா பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கிறது யாரு?"

"அது ரெண்டும் அவளுக்குக் குடுத்ததுங்க" என்றார் டீச்சர். "உங்களுக்கு இல்ல."

அது இருவர் காதிலும் விழவில்லை. ஆனால் பேசப் பேச ஒரு விசித்திரம் நடந்தது. தேதியை அவர் மறந்தால் அவள் எடுத்துக்கொடுத்தாள். அவள் வார்த்தைக்குத் தடுமாறினால் அவர் முடித்துவைத்தார். குற்றமெல்லாம் டீச்சருடையது என்பதில் இருவரும் ஒரே கட்சி. கடைசியில் அப்பா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"இருக்கிறது ஒரே பிள்ளை. அவளை இப்படி ரெண்டா பிரிச்சு ஆளுக்குப் பாதின்னு குடுத்திருக்கீங்களே டீச்சர், இது நியாயமா?"

சொன்னவருக்கே, தான் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது போலிருக்கிறது. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நியாயம் இல்லதான்" என்றார் டீச்சர். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு லெட்டர் எடுத்துட்டுப் போறா. வருஷம் பூரா. எனக்கே போன வாரம்தான் தெரியும்."

"ரெண்டா?" என்றாள் அம்மா. "எனக்கு மட்டும்தான் கொண்டாரான்னு நெனச்சேன்."

அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. போட்டியில் பரிசு வாங்கிய படம் ஒரு சுவரில்தான் இருக்கிறது என்பதை மட்டும் டீச்சர் சொல்லவில்லை.

அதோடு இருவரும் மனம் மாறிச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. சேரவில்லை. ஆனால் அந்த அறையிலேயே ஒன்று பேசி முடித்தார்கள்: சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் இனி மகளிடமே இருக்கட்டும், ஒரு ஃபைலில் போட்டு, போகிற வீட்டுக்கெல்லாம் அவளே கொண்டுபோகட்டும். திங்கள்கிழமை அவள் இரண்டு புது ஃபைலோடு வந்தாள்.

"ரெண்டு பேரும் வாங்கிட்டாங்க மிஸ்" என்றாள். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கரகரப்பான, உரத்த சிரிப்பு. நடைபாதையில் போன ஓவிய ஆசிரியர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரே பிள்ளைக்கு இரண்டு சான்றிதழ் போன செய்தி தலைமையாசிரியரை எட்டாமல் இருக்குமா? அழைப்பு வந்தபோது, திட்டு வாங்குகிற தயாரிப்போடுதான் டீச்சர் போனார். அவரோ வாசல் காவலாளியின் பதிவேட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக இருந்தார். அந்த வருஷம் பள்ளிக்கு நேரில் வந்த பெற்றோரில் பாதிக்குமேல் டீச்சரைப் பார்க்க வந்தவர்கள். வந்த காரணம் என்ற இடத்தில், எழுத்து வேலையைச் சுருக்குவதில் கைதேர்ந்த காவலாளி, எல்லாருக்கும் 'பாராட்டு சம்பந்தமாக' என்றே எழுதியிருந்தார்.

"வேற எந்த வகுப்புலயும் குடும்பங்க இவ்வளவு ஈடுபாடு காட்டல டீச்சர்!"

"சார், அவங்க எல்லாம் சண்டை போட வந்தவங்க."

"அடக்கம் வேண்டாம்" என்றார் தலைமையாசிரியர்.

ஆண்டு நிறைவு நாளில் அவரை மேடைக்கு அழைத்து, 'குடும்பங்களை இணைத்த ஆசிரியர்' என்று ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தபோது சிரிக்கச் சொன்னார்கள். டீச்சர் உதட்டைச் சற்று விரித்தார். கீழே மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினாள்.

அடுத்த வருஷம் பள்ளி திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பாசிரியை, ஆசிரியர் அறையில் டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயே திறக்க மாட்டான்னு சொன்னீங்களே அக்கா அந்தப் பொண்ணை! வகுப்புல என்னைப் பேச விடுறதில்ல. நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு கேள்வி கேக்கிறா."

டீச்சர் அந்தப் புகாரை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சாவகாசமாகக் கேட்டார். முடிந்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.