ஹம்பிஸ் வைத்த நோன்பு சூப்

ஹம்பிஸைப் போலப் பொறுமை கெட்ட மனிதரை எங்கள் அராதிப்பு ஊரில் தேடினாலும் கிடைக்காது. நாற்பது வருஷம் பக்கத்து நகரமான லார்னகாவுக்குப் பஸ் ஓட்டினார். ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருப்பாரா? எப்போதும் இரண்டு நிமிஷம் முன்னால்தான். கைக்குழந்தையோடு நானே எத்தனை முறை பின்னால் ஓடியிருக்கிறேன்! கோயிலில் பூசை முடிவதற்குள் ஐந்து தடவை வெளியே போய் வருவார். இத்தனை ஓட்டத்திலும் அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் போனதில்லை. காப்பிகூட அவர் மனைவி டெஸ்பூ அக்காதான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த அக்கா நிமோனியாவில் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கோழி, முட்டை என்று சத்தாகக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை எடை இன்னும் குறைந்திருந்தால் மறுபடி சேர்த்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இந்தத் தடவை போனா திரும்பி வரமாட்டா, எலெங்கு" என்று பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் சொல்லிவிட்டு, ஹம்பிஸ் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

அது ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு. இறைச்சி, முட்டை, பால் எதுவும் ஆகாது. நோயாளிக்கு நோன்பு கிடையாது என்று பாதிரியாரே வீடு தேடி வந்து சொன்னார். "உங்க வேலையைப் பாருங்க சாமி" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்ன பிடிவாதம்! நாலு நாளாக ரொட்டித் துண்டும் ஆலிவ் காயும்தான். செவ்வாய்க்கிழமை, "கொண்டைக்கடலை சூப்னா ரெண்டு வாய் குடிப்பேன்" என்றார்.

ஹம்பிஸ் உடனே கடலையைச் சோடா உப்புப் போட்டு ஊறவைத்தார். ஊறிவிட்டதா என்று மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்தார். மறுநாள் காலையில் என் வீட்டுப் பின்கதவைத் தட்டினார். கையில், செய்தித்தாளில் சுற்றிய கோழி.

"இதை உன் வீட்ல வேக வை. சாறை வடிச்சுக் குடு. கடலையை அதுலதான் போடப் போறேன்."

"அடப் பாவி மனுஷா! அக்காவுக்கு நோன்புல கோழியா? என்னையும் சேர்த்து நரகத்துக்கு அனுப்பவா?"

"தனியாவா போகப்போறே? நான்தானே வண்டி ஓட்டுவேன்."

"அப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துடுவோம்!"

திட்டினேனே தவிர, வேக வைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அக்காவின் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

அவர் வீட்டு அடுப்பில் கடலை கொதிப்பதற்குள் எலுமிச்சம்பழத்தைப் பிழியப் போனார். கையில் ஒரு அடி போட்டேன். "புளிப்பு விழுந்தா கடலை வேகாது. சும்மா நில்லுங்க அண்ணே!" சும்மா நிற்கிற ஆளா? நுரையை எடுத்தார், ஜன்னலைத் திறந்தார், சாத்தினார், செலரியை நறுக்குகிறேன் என்று விரலை நறுக்கிக்கொண்டார். கடலை மசிந்ததும், மேலே மிதந்த கோழிக் கொழுப்பு தெரியாமலிருக்க, எலுமிச்சைச் சாற்றில் கரைத்த எள்விழுதை ஊற்றி வெள்ளையாக்கினார்.

அக்கா ஒரு கரண்டி குடித்தார். நிறுத்தினார்.

"என்னய்யா போட்டிருக்கே இதுல?"

"கடலை, வெங்காயம், கேரட்... எள்விழுது" என்றார் ஹம்பிஸ். நெற்றியெல்லாம் வேர்வை.

"எள்விழுதா? சரி."

கிண்ணம் காலியானது. இன்னொன்று கேட்டார். அதை எடுக்க இவர் ஓடியதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"கோழி உன் வீட்லதானே வெந்துது?"

நான் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அவன்கிட்ட வாயைத் திறந்துடாதே. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, பயந்துகிட்டு நாளைக்கு வைக்கமாட்டான்."

"அக்கா, நோன்பு...?"

"அம்பது வருஷத்துல இன்னைக்குத்தான்டி எனக்குன்னு அடுப்பைப் பத்த வச்சிருக்கான். அதைப் போய் வேண்டாம்னு சொல்லவா? பாவத்தை நான் மேல போய்ப் பேசிக்கிறேன். அதுக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்ல."