மிச்சம் ஒரு ஸ்க்ரூ

அனந்தபத்மநாபன் கழற்றிய பொருள் எதுவும், திரும்ப மூடும்போது ஒரு ஸ்க்ரூவையாவது வெளியே விடாமல் மூடிக்கொண்டதில்லை. முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். மிக்ஸியைப் பிரித்தார், ஒரு ஸ்க்ரூ மிச்சம். அன்றிலிருந்து மிக்ஸி ஓடும்போதே சமையல் மேடையில் நடை பழகுகிறது. அவர் மனைவி சத்யபாமா அதன் தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சட்னி அரைப்பாள். டேபிள் ஃபேனைப் பிரித்தார்; மூன்று மிச்சம். அது இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் வரும் வழியில் 'டக்டக்டக்' என்று யோசிக்கும், பிறகு மறுபடி இடது பக்கமே போய்விடும். மிச்சமானதெல்லாம் ஒரு பழைய நார்த்தங்காய் பாட்டிலில் சேர்ந்தது. புதிதாக ஒன்று விழுந்தால் 'டங்' என்று கேட்கும். எந்த அறையில் இருந்தாலும் சத்யபாமா குரல் கொடுப்பாள்.

"ஆச்சா? எத்தனை?"

இத்தனைக்கும் மனிதர் அரியமங்கலத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே இவர் கண்ணுக்குத் தப்பி ஒரு வாஷர்கூட கேட்டைத் தாண்டாது. வீட்டில் மட்டும் கையில் ஸ்க்ரூடிரைவர் ஏறிவிட்டால் ஆள் வேறு. பதினெட்டு ஸ்க்ரூடிரைவர் கொண்ட சிவப்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். அதை எடுக்கும்போது மட்டும் விசிலடிப்பார்.

சத்யபாமா ஸ்கூலில் தமிழ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கலிஃபோர்னியாவில் இருக்கும் பதினோரு குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம். ஃபோனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்துத்தான் வகுப்பு. 'ழ' வரும் நேரம் பார்த்து ஃபோன் வழுக்கும். உடனே பதினோரு மூக்குகளும் சேர்ந்து பாடும்: "மாமீ, வீ கேன் ஒன்லி ஸீ த ஸீலிங்!"

ஒரு ஞாயிறு தில்லைநகரிலிருந்து வந்திருந்த அவள் அண்ணா சேஷு இதைப் பார்த்துவிட்டுப் பேசினார். பேங்க் மேனேஜராக இருந்தவர். சாதாரணமாகப் பேசினாலே சர்க்குலர் வாசிப்பதுபோல் இருக்கும்.

"திஸ் இஸ் நாட் ப்ராப்பர், பாமா. என்கிட்ட ஒரு லேப்டாப் ஸ்பேரா இருக்கு. ஐ ஷல் பிரிங் இட்."

"வேண்டாம்," என்றார் அனந்தபத்மநாபன். "நானே ஒரு கம்ப்யூட்டர் கட்டித் தரேன்."

சேஷு சிரித்தார். "ஹ. ஹ. ஹ." மூன்று ரப்பர் ஸ்டாம்ப்.

சத்யபாமா இருவரையும் பார்த்தாள். "சரி, கட்டுங்கோ. ஆனா வர ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு அது ஓடணும். ஓடலே, அண்ணாவோட லேப்டாப் உள்ள வரும். அது உள்ள வந்தா, உங்க செவப்புப் பொட்டி வெளில போகும். பழைய பேப்பர்காரன்கிட்ட நானே என் கையால கொடுப்பேன்."

அனந்தபத்மநாபன் சிவப்புப் பெட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இருந்தாலும் தலையாட்டிவிட்டார்.

உள்ளே வைக்கும் சாமான்களைக் காந்தி மார்க்கெட் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலியிடம் வாங்கினார். வெளிப்பெட்டியை மட்டும் கடையில் வாங்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அரியமங்கலத்தில் பீரோ அடிக்கும் பட்டறையில் சொல்லிச் செய்தார். "பதினாறு வருஷம் கேரண்டி சார்," என்றார் பட்டறைக்காரர் அழகர்சாமி, யாரும் கேட்காமலே. வியாழக்கிழமை சாயங்காலம் ஹாலில் போர்வை விரித்து, விசிலடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பூட்டி முடித்தார். பிறகு போர்வையை உதறினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி உதறினார்.

"பாமா! இங்க வா! ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லே!"

சத்யபாமா கரண்டியோடு வந்தாள். சோபாவுக்கு அடியில் பார்த்தாள். அவர் பனியனைக்கூட ஒரு பார்வை பார்த்தாள். "நன்னாத் தேடினேளா?"

"முப்பது வருஷத்துல முதல் தடவை," என்றார் அவர்.

பெட்டியைத் தூக்கி மேஜைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, பட்டனை அமுக்கினார்.

'விர்ர்...டிக்.'

உள்ளே ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினார். 'விர்ர்...டிக்.' தூக்கத்தில் எழுப்பினால் ஒரு கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு படுக்கும் ஆள்போல.

ஜெகபர் அலிக்கு ஃபோன் போட்டார்.

"பாய், ஸ்டார்ட் ஆகல."

"பதறாதீங்க சார். பீப் சத்தம் வருதா?"

"பீப் இல்ல பாய். பெருமூச்சு."

"பெருமூச்சா? அது எங்க மேனுவல்ல இல்லீங்களே! ரேமைக் கழட்டி, பசங்க அழிக்கிற ரப்பர் இருக்குல்ல, அத வெச்சு நல்லாத் தேச்சிட்டு மாட்டுங்க."

தேய்த்தார். 'விர்ர்...டிக்.' வேறு பிளக்கில் போட்டார். கரண்ட் பத்தவில்லையோ என்று ஃப்ரிட்ஜை அணைத்தார், மோட்டாரை அணைத்தார், கடைசியில் பெருமாள் ரூம் சீரியல் விளக்கையும் அணைக்கப் போனார். "அது மேல கை பட்டுது..." என்ற குரல் கேட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு. பெட்டியைப் பழைய வேஷ்டியில் சுற்றி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவில் வைத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிப் போனார். ஜெகபர் அலி அதை வாங்கி மேஜைமேல் கிடத்தி, ஒயரைச் செருகி, ஒரு விரலால் அமுக்கினார். 'விர்ர்ர்ர்ர்...' என்று சுகமாக ஓடியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"ஓடுது சார்."

"ஓடறது," என்றார் அனந்தபத்மநாபன், ஏதோ குற்றம் செய்தவர்போல.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்தார். 'விர்ர்...டிக்.'

சனிக்கிழமை மறுபடி வேஷ்டி, மறுபடி பாலம். கேட்டருகே பக்கத்து வீட்டு அழகிரி ஸ்வாமி பெருமாள் பல்லக்குக்கு வழிவிடுவதுபோல் கைகூப்பி ஒதுங்கினார். "ஏளப்பண்ணியாச்சா? இன்னிக்கும் புறப்பாடு உண்டோ?" அனந்தபத்மநாபன் காதில் விழாததுபோல் ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஹெல்மெட் போட்டிருந்ததில் ஒரு சௌகரியம்.

கடையில் அது மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஜெகபர் அலி தலையைச் சொறிந்தார். "சார், எங்கிட்ட தங்கமா இருக்கு. உங்க வீட்லதான் அதுக்கு என்னமோ மனவருத்தம்." ஆதாரத்துக்கு ஃபோனில் ஒரு வீடியோவும் எடுத்து அனுப்பினார். "இதப் போட்டுக் காமிங்க. நான் பொய் சொல்லலன்னு அக்காவுக்குத் தெரியணும்."

வீட்டில் 'விர்ர்...டிக்'. அன்று ராத்திரி அவர் கம்ப்யூட்டர்மேலேயே கண்ணை வைத்தபடி சாப்பிட்டார். ரசத்துக்கு உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. சேஷு கிளம்பிவிட்டதாக மெசேஜ் வந்தது: 'ஸ்டார்ட்டட். லேப்டாப் ஃபுல்லி சார்ஜ்டு.' அனந்தபத்மநாபன் தரையில் உட்கார்ந்து, ரேமை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்க அதில் இனி ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே சிவப்புப் பெட்டி திறந்திருந்தது. பதினெட்டையும் வரிசை மாறாமல் துடைத்து வைத்திருந்தார்.

சத்யபாமா அதைப் பார்த்தாள். பார்க்காதவள்போல அவர் ஃபோனை எடுத்தாள்.

"கடையில ஓடித்துன்னேளே. அந்த வீடியோவைக் காட்டுங்கோ."

"அதான், அதுல இருக்கே. பார்த்துக்கோ."

பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள்.

"ஏன்னா, இது அங்க என்ன பண்ணிண்டிருக்கு?"

"ஓடிண்டிருக்கு."

"அதில்லே. படுத்துண்டிருக்கே!"

"கடையில மேஜைமேல படுக்கத்தான் வெப்பா. வேலை பாக்கச் சௌகரியம்."

"இங்க நீங்க எப்படி வெச்சேள்?"

"நிமித்தி..." என்றவர் அப்படியே நிறுத்தினார். கையிலிருந்த ரப்பர் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

"ஸ்ரீரங்கத்துக்கு அழைச்சுண்டு வந்துட்டு நில்லுன்னா அது எப்படின்னா நிக்கும்?" என்றாள் சத்யபாமா. "திருவெள்ளறைல பெருமாள் நின்ன கோலம், அங்க வேணா நிக்கச் சொல்லுங்கோ. இங்க சயனம்தான்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ரேமைச் செருகி, பெட்டியை இரண்டு கையாலும் மெல்லச் சாய்த்து ஒரு பலகைமேல் கிடத்திவிட்டார். உள்ளே எங்கோ 'கிணிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஸ்டோர் கீப்பர் காதில் அது விழுந்தது. யோசிக்க நேரமில்லை. பட்டனை அமுக்கினார்.

'விர்ர்ர்ர்ர்ர்...'

மணி ஆறு இருபத்தேழு. திரையில் பதினோரு முகங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. "மாமீ, யூ ஆர் நாட் த ஸீலிங்!"

வாசலில் பெல் அடித்தது. சேஷு, தோளில் பையுடன். சத்யபாமா எழுந்திருக்காமலே குரல் கொடுத்தாள்: "அண்ணா, செருப்பைக் கழட்டறச்சே அந்தப் பையையும் வெளியிலயே வெச்சுட்டு வா. காப்பி தரேன்."

சேஷு உள்ளே வந்து, பலகைமேல் கிடந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். "ஒய் இஸ் இட் லையிங் டவுன்?"

"ஷ்," என்றார் அனந்தபத்மநாபன், உதட்டில் விரல் வைத்து.

அன்று மத்தியானம் சத்யபாமா கோவிலுக்குப் போன சமயம், அவர் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த போர்டையே கழற்றினார். போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில், சாதுவாக, ஒரு ஸ்க்ரூ. பெட்டி நிமிர்ந்தால் அது சரிந்து கீழே போய்ச் சிக்கி, கரண்டை ஷார்ட் அடித்து எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறது. படுத்தால் அதுவும் பேசாமல் படுத்துவிடும். மிச்சம் விழத்தான் விழுந்திருக்கிறது, இந்தத் தடவை உள்ளே.

நார்த்தங்காய் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்க்ரூவை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டு பாட்டிலை மூடிவிட்டார். பெட்டியையும் பழையபடி பலகையிலேயே கிடத்தினார். இனி அது நிமிர்ந்தும் ஓடும். ஆனால் நிமிர்த்தினால் காரணம் சொல்லியாகவேண்டும். சாயங்காலம் ஃபோன் செய்த ஜெகபர் அலியிடம், "ஊர் ராசி பாய்," என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை வாஷிங் மெஷினிலிருந்து சத்தம் வந்தது. 'டொடக், டொடக்.' ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அனந்தபத்மநாபன், படித்த வரியையே மறுபடி படித்தார். மெஷின் நின்றது. மூடி திறந்தது. சமையலறை அலமாரி திறந்தது.

'டங்.'

அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கேட்க வேண்டியவள் ஒன்றும் கேட்கவில்லை. வந்து, சிவப்புப் பெட்டியை அவர் மடிமேல் வைத்தாள். பக்கத்தில் மிக்ஸியை வைத்தாள்.

"இதையும் ஒரு தடவை பாருங்கோ. கொஞ்சம் கையை எடுத்துட்டேன், ஃப்ரிட்ஜ் வரைக்கும் போயிட்டு வந்தது."