வீரபாகு மாஸ்டரின் அந்தி வானம்

சாமி இல்லாத படத்தையும் காஞ்சிபுரத்தில் ஒருவன் சுவரில் மாட்டுவான் என்று நம்பிய ஒரே மனிதர் டிராயிங் மாஸ்டர் வீரபாகுதான். தெருவுக்கொரு கோயில் இருக்கிற ஊரில் வந்து பிறந்துவிட்டு, மரமும் ஏரியுமாக ஆயில் பெயிண்டில் வரைந்து தள்ளினார். தன் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று, ஒன்றே ஒன்று, இந்த ஊரில் யார் வீட்டுச் சுவரிலாவது தொங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"ஒரு மூலையில முருகரை நிக்க வச்சா என்னாவாம்? கை தேஞ்சிடுமா?" என்பாள் மனைவி நீலாம்பாள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள்; வாய்க்குப் பஞ்சமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காகக் கல்யாண மண்டபத்தில் ஒரு விற்பனை வைத்தார்கள். அப்பளம், ஊறுகாய், கூடைகளோடு மாஸ்டர் படங்களுக்கும் ஒரு சுவர் கிடைத்தது. மனுஷர் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தார். ஒரு பனைமரத்துக்கு நிழல் வைத்தார். ஒரு மேகத்தைச் சுரண்டி மறுபடி போட்டார். அதைவிடப் பெரும்பாடு பெயர் வைப்பது. பெற்ற பிள்ளைக்கு யோசிக்காமல் பெயர் வைத்தவர், ஆற்றுப் படத்துக்கு மட்டும் 'செம்மை', 'விடைபெறும் கதிரவன்' என்று எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் 'பாலாற்றில் அந்தி' என்று முடித்தார். படத்தில் தண்ணீர் ததும்பியது. அங்கேயாவது ததும்பட்டுமே! வானத்தில் முந்தின நாள்தான் கடைசிக் கை வைத்திருந்தார், இன்னும் காயவில்லை. வலது மூலையில் சிவப்பில் கையெழுத்து.

விற்பனையன்று முதலில் வந்தவர் முசரவாக்கத்து விவசாயி முனிசாமி. ஏரிப் படத்தில் தன் ஊர் வயலைப் பார்த்ததும், "தர்மன் வரப்பைத் தள்ளி வெட்டிட்டான் பாத்தியாபா!" என்று பக்கத்து நிலத்துக்காரனோடு சண்டைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பிறகு பட்டுக்கடை சிட்டிபாபு வந்தார். பட்டுக்காரர் கை சும்மா இருக்குமா? புடவையைப் பார்க்கிற மாதிரி அந்தி வானத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். விரலில் வானம் ஒட்டிக்கொண்டது. மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. அவரோ விரலை வாசல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் படத்தையே தூக்கிப்போய் வெயிலில் பிடித்தார்.

"அடடா! இதுக்குப் பேரு என்னா மாஸ்டர்?"

"பாலாற்றில் அந்தி."

"பேஷ்! பேரும் பிரமாதம். நானே எடுத்துக்கிறேன்."

அன்றைக்கு மாஸ்டரின் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, படம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று பார்க்கக் கடைக்குப் போனார். கல்லாவுக்கு மேலே, படத்துக்கு அவர் போட்ட தேக்குச் சட்டம் இருந்தது. சட்டத்துக்குள் மகாலட்சுமி, மேலே மல்லிகைச் சரம்.

"படமா? சாயப் பட்டறையில இருக்குது மாஸ்டர். புடவை உடலுக்கு வானத்துல ஒரு துண்டு, பார்டருக்கு ஆத்தங்கரைப் பச்சையில ஒரு துண்டு வெட்டிக் குடுத்தேன். மாதிரி இல்லாம சாயக்காரன் எப்படிக் கலர் போடுவான்?" என்றார் சிட்டிபாபு, புண்ணியம் செய்த முகத்தோடு.

வெட்டின வானத்தை ஒட்டவா முடியும்? மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

தை பிறந்தது. ஊரெல்லாம் 'பாலாற்று அந்தி' புடவை. தம்பி கல்யாணத்துக்கு எனக்கும் அதுதான் வேண்டும் என்று நீலாம்பாள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"அது என் படம்டி!"

"இருக்கட்டுமே. படத்தைக் கட்டிக்கினு போவ முடியுமா?"

கல்யாணத்தில் முன்வரிசை முழுக்க அந்தி வானம். மாஸ்டர் ஒவ்வொரு புடவையாக, முந்தானை ஓரம் வரை, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நீலாம்பாள் வந்து தொடையில் கிள்ளினாள்.

"என்னா இது, பொம்பளைங்களையே பாத்துக்கினு? மானம் போவுது!"

"வலது மூலையைப் பாக்குறேன்டி. என் கையெழுத்து எங்கேயுமே காணோம்."

நீலாம்பாள் தன் முந்தானையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, பந்திக்கு நேரமாகிவிட்டது என்றாள்.