செந்திலின் ஸ்பெயின் வயிற்றுப்போக்கு

இன்று காலை கம்பெனியில் டீ நேரம். செந்திலைச் சுற்றி ஒரே கூட்டம்.

எங்கள் சரக்கை வாங்கும் பையரைப் பார்க்க ஸ்பெயினுக்குப் போனவர், வயிறு கெட்டு, மூன்று நாள் ஓட்டல் அறையிலேயே கிடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

உண்மையில் போயிருக்க வேண்டியவள் நான். சாம்பிள் அத்தனையையும் தயார் செய்தது நான்தான். "பொம்பளப்புள்ள தனியா அவ்ளோ தூரமா? அந்த ஊர்ச் சோறு உனக்கு ஒத்துக்காது கண்ணு" என்று முதலாளி செந்திலை அனுப்பிவிட்டார்.

வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு கேட்டேன். "அங்க அப்படி என்னதானுங்க சாப்பிட்டீங்க? சிப்பியா, நண்டா?"

"ஐயோ, அந்த ஊர்ச் சாப்பாட்டத் தொடவே இல்லீங்கக்கா. ஊட்டுல கட்டிக் குடுத்த புளிசாதந்தான். நாலாம் நாளும் வாசம் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க பையில வெச்சுவிட்ட ஓஆர்எஸ் பாக்கெட்டுதான் காப்பாத்துச்சு."

ஸ்பெயின் வரை போய்ப் பழைய புளிசாதம்!

அதற்குள் முதலாளி வந்து அவர் தோளைத் தட்டினார். "அடுத்த தடவையும் நீயே போயிட்டு வந்துரு செந்திலு. வெளிநாட்டுல வயிறு கெட்டா எப்படிச் சமாளிக்கோணும்னு உனக்குத்தான் தெரியும்."

எனக்கோ கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

நாலு நாள் பழைய புளிசாதம் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். டப்பாவோடு வருகிறேன். எனக்கும் தகுதி வேண்டும்.