கதவில் உட்கார்ந்த ஒன்பது பேர்

டிசம்பர் 25, காலை 9.40, லேசான தூறல். கொரட்டூர் வீட்டு ஹாலில் இருக்கைகள் பதினொன்று. விருந்துக்கு வருகிறவர்கள் இருபது. நாற்காலிகளை மூன்றாம் முறை நகர்த்திப் பார்த்துக் கவலைப்பட்டபோது, படுக்கையறைக் கதவு கிறீச்சிட்டது.

1984 கிறிஸ்துமஸிலும் அதே சத்தம்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கீல் ஆணிகளைத் தட்டிக் கதவைக் கழற்றி, இரண்டு டிரங்குப் பெட்டிகள்மேல் போட்டு, ஜமுக்காளம் விரித்தார். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள்.

நடுவிலிருந்த அத்தை, "பொடவ மாத்தணும், ரூம் கதவு எங்கடா?" என்றார்.

"நீ குந்திகினு கீறியே, அதான்க்கா!" என்றார் அப்பா.

சிரிப்பில் பெட்டிகள் ஆடின.

இப்போது நானும் சுத்தியலை எடுத்தேன்.

"ஒம்போது சேர் வாடகைக்கு எடுத்தா தொண்ணூறு ரூவாதாங்க ஆவும்," என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை; அப்பாவைப் போலவே கதவைக் கழற்றிப் பெட்டிகள்மேல் போட்டேன். இருபது பேரும் வசதியாக உட்கார்ந்தார்கள். துருப்பிடித்த கீல்கள் மட்டும் நெளிந்துவிட்டன. புதுக் கீல்கள், தச்சர் கூலி உட்பட ரூபாய் 840.