அண்ணனின் பெயரில் ஒரு ஜேர்மன்காரர்

ஜேர்மனியின் கைசர்ஸ்லௌட்டர்ன் நகரத்துத் தமிழ்ச் சனத்தில் இராசலிங்கத்தைத் தெரியாதவர் இல்லை. கல்யாணமோ பூப்புனித நீராட்டோ, இருநூறு பேருக்கு மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உப்பு ஒருநாளும் பிசகாது. வாயும் பிசகாது, தான் உண்டு, தன் அகப்பை உண்டு என்று இருப்பார். வயது அறுபத்திரண்டு. ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுச்சாலையில் வேலை, பென்சனுக்கு இன்னும் கொஞ்சக் காலம். அப்படிப்பட்ட மனிதரில் ஒரேயொரு பிழைதான் சொல்லலாம். அவர் இராசலிங்கம் இல்லை.

தாய் தகப்பன் வைத்த பெயர் தவநேசன். இராசலிங்கம் அவருடைய அண்ணன். ஜேர்மனிக்கு வருவதற்கு எல்லாம் சரிப்பண்ணி, பாஸ்போர்ட்டும் கையில் கிடைத்த பிறகு, ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் இராணுவம் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோன ஆள். உடம்புகூட வரவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு, அடுத்தவனும் போய்விடப் போகிறானே என்ற பயத்தில் தாய் அந்தப் பாஸ்போர்ட்டைத் தம்பியின் கையில் வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, இரண்டு வயதுதான் வித்தியாசம். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து, அகதி விண்ணப்பத்தில் அண்ணனுக்கு நடந்ததையெல்லாம் தனக்கு நடந்ததாகச் சொன்னார். அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இரவல் கதை சொல்லித்தான் உயிர் தப்பினார்கள். அதற்காக நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போவதில்லை.

தாயை விட்டால் இந்த உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். மனைவி யோகம். கனடாவில் இருந்த அக்கா குமுதினி. மூன்றாவது ஆள் ஒரு அமெரிக்கன்.

அவன் பெயர் வேட் ஹாலரன். தொண்ணூற்றோராம் ஆண்டு இதே ஊரில் இருந்த அமெரிக்கப் படைமுகாமின் சமையல்கூடத்துக்குப் பொறுப்பான சார்ஜன்ட். தவநேசன் அங்கே சட்டி கழுவினார். நெஞ்சில் 'இராசலிங்கம்' என்று பெயர்ப்பட்டை. அண்ணனைக் கொண்டுபோன திதியில் துவசம் வந்தது. பெயரை எடுத்துக்கொண்டவனுக்கு அந்த ஆளின் துவசத்தையாவது விட மனம் வருமா? விரதம் இருந்து, சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு காகிதத் தட்டில் சோறும் பருப்பும் படைத்து, கர்ப்பூரம் கொளுத்தினார். சிகரெட் பிடிக்க வந்த ஹாலரன் யாருக்கு என்று கேட்டான். அண்ணனுக்கு என்றார். பெயர் என்ன என்று கேட்டான். துவச நாளில் செத்தவரின் பெயரை மாற்றிச் சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. இராசலிங்கம் என்று சொல்லிவிட்டார்.

ஹாலரன் பெயர்ப்பட்டையைப் பார்த்தான், கர்ப்பூரத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அது எரிந்து முடியும் மட்டும் நின்றான். அன்று அவனை ஒரு நல்ல மனிதன் என்றுதான் தவநேசன் நினைத்தார். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவன் நாடு திரும்பி, தன் மாநிலத்தில் விவசாயச் சாமான் கடை நடத்தி, தேவாலயத்தில் பேசிப் பேசி அரசியலுக்கு வந்தான். முதலில் மாநிலச் சட்டசபை, பிறகு வாஷிங்டன். அகதிகளை மட்டுப்படுத்த ஒரு மசோதா, வேற்று மொழியில் வாக்குச்சீட்டு அடிக்கக்கூடாது என்று இன்னொரு மசோதா. பாதி நாடு அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, மறு பாதி தூற்றியது. திட்டினால் சிரிப்பான். ஆனால் பொய்யன் என்றால் மட்டும் பொறுக்கமாட்டான். படையில் காயம்பட்டதாகச் சொல்வது கட்டுக்கதை என்று ஒரு பத்திரிகை எழுதியபோது, நேரலையில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, ஆஸ்பத்திரிக் கடதாசிகளையும் மேசையில் பரப்பினான். அந்தத் தேர்தலில் அவனுக்கு முன்னெப்போதையும்விட அதிக வாக்கு.

ஒவ்வொரு தேர்தலிலும் அவன் சொல்லும் கதை ஒன்று உண்டு. செத்த அண்ணனின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு சட்டி கழுவிய சிலோன்காரன். அவனைவிட நல்ல மனிதனை நான் கண்டதில்லை என்பான். அப்படிப்பட்டவனே பொய் சொல்லித்தான் உள்ளே வந்தான் என்றால் மற்றவர்களை எப்படி நம்புவது என்று முடிப்பான். பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்பது அவனுடைய கொள்கை.

தவநேசன் பயந்து பயந்து 2016 மார்ச் 14இல்தான் ஜேர்மன் குடியுரிமை எடுத்தார். ஏமாற்றி எடுத்தது தெரியவந்தால் ஐந்து வருடத்துக்குள் பறிக்கலாம் என்பது அப்போதைய சட்டம். 2021இல் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்கலாம் என்று இருந்தார். 2019இல் அந்த ஐந்தைப் பத்தாக்கினார்கள். 2026 மார்ச் 14 மட்டும் என்று நாள்காட்டியில் மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

இந்த வருடம் தை மாதம் ஹாலரன் அதே கதையைச் சொன்ன வீடியோ ஒன்று கீழே ஜேர்மன் மொழிபெயர்ப்பு எழுத்தோடு இங்கே பரவியது. இந்த முறை கைசர்ஸ்லௌட்டர்ன் என்று ஊரின் பெயரும் அதில் இருந்தது. அதே மாதம் ரொறன்ரோவில் அக்கா குமுதினி காலமானார். பெற்ற மகன் கீர்த்தனன் நம்முடைய வழக்கப்படி மரண அறிவித்தல் போட்டான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவின் பழைய கொப்பியில் இருந்த உறவினர் பட்டியலைப் பார்த்து, ஒரு உறவும் விட்டுப்போகாமல் எழுதினான்: 'காலஞ்சென்ற இராசலிங்கம், தவநேசன் (ஜேர்மனி) ஆகியோரின் அன்புச் சகோதரியும்.' கீழே தொடர்புக்கு ஜேர்மனியில் இருக்கும் மாமாவின், அதாவது இவருடைய, தொலைபேசி இலக்கம்.

பெப்ரவரி 23, திங்கட்கிழமை பின்னேரம் தேனுஜா வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரு பத்திரிகையில் செய்தியாளர். அவளுடைய தகப்பனும் அகதியாக வந்தவர்தான். அந்த அமெரிக்கன் எங்கள் எல்லாருக்கும் சேற்றை அள்ளிப் பூசுகிறான், அவன் சொல்வது முழுப்பொய் என்று நிரூபித்துக் காட்டப்போகிறேன் என்றாள். அந்தக் காலத்தில் படைமுகாமில் வேலை செய்த தமிழர்களை விசாரித்தபோது இவருடைய பெயர் வந்ததாம். பிறகு பையிலிருந்து அந்த அறிவித்தலின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மாமா, கோவிக்காதேங்கோ. இதிலை நீங்கள் காலமாகிட்டீங்கள் எண்டு கிடக்கு."

தேத்தண்ணி கொண்டுவந்த யோகம் அப்படியே நின்றுவிட்டார். மருமகன் பெயர்களை மாறிப் போட்டுவிட்டான் என்றார் தவநேசன்.

"அப்ப தவநேசன்தான் செத்தவர்?"

"ஓம். என்ரை தம்பி."

எப்போது, எப்படி என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ஆனையிறவில் ஆமி பிடித்தது, பஸ், உடம்பு வராதது எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொன்றும் நடந்த விஷயம் என்பதால் குரல் தானாகவே உடைந்தது. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அமெரிக்கன் சொல்வதுபோல் ஒருவரும் இருக்கவில்லை என்று எழுதியதை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். இராசலிங்கம் என்று போட்டார். உங்கள் பெயரைப் பேப்பரில் போடமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரும் என்றாள்.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "போட முன்னம் அந்த ஹாலரனிட்டையும் கேக்கவேணும், அது முறை. இப்பிடி ஒருத்தரும் இல்லை, நீர் சொல்லுறது பொய் எண்டு அனுப்பியிருக்கிறன். வியாழக்கிழமைக்கிடையிலை பதில் தாறதாம்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மார்ச் 14க்குப் பத்தொன்பது நாள் இருந்தது. தவநேசன் கதிரையில் இருந்தபடி மேசையையே பார்த்தார். பிள்ளை அந்தப் பிரதியை மறந்துபோய் விட்டுப் போயிருந்தாள்.

யோகம் தேத்தண்ணித் தட்டை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் இருந்த கோபத்தை இத்தனை வருடத்தில் தவநேசன் கண்டதில்லை.

"என்ரை கண்ணுக்கு முன்னாலை தவநேசன் செத்தவர் எண்டு உங்களையே சாகக் குடுத்திட்டியள். சரி, பொறுத்திட்டன். ஆனால் முப்பத்தைஞ்சு வருசமா உங்கடை பெயரை வெளியிலை விடாத மனுசனை இண்டைக்குப் பொய்யன் எண்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கிறியள். அவன் இனிச் சும்மா இருப்பானோ?"

தவநேசன் தொலைபேசியை எடுத்தார். தேனுஜாவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்லி நிறுத்தச் சொல்வது என்று யோசித்தார். அவளிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.