கொல்லை விளக்கும் சித்தியின் பூட்டும்

ஈப்போவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் செடி வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வெயில் காலம் வந்துவிட்டால் அந்தக் குழு தூங்கவே தூங்காது. மிளகாய் இலை சுருண்டுவிட்டது, கறிவேப்பிலையில் பூச்சி, ரோஜா கருகிவிட்டது என்று ஆளாளுக்குப் படம் போடுவார்கள். படம் வந்த கையோடு வைத்தியமும் வந்துவிடும். ஒருவர் சாம்பல் தூவச் சொல்வார், இன்னொருவர் மோர் தெளிக்கச் சொல்வார், வீட்டில் ஒரு செடிகூட இல்லாத ஒருவர் எல்லோருக்கும் ஆலோசனை சொல்வார். போன வாரம் ஓர் அம்மா, தன் செவ்வந்தி தளதளவென்று வளர்கிறதே தவிர மொட்டு வைக்க மாட்டேன் என்கிறது என்று புலம்பியிருந்தார். உரம் போடுங்கள் என்று ஒரு கட்சியும், உரத்தை நிறுத்துங்கள் என்று ஒரு கட்சியும் அதற்குள் மோதிக்கொண்டிருந்தன. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: ராத்திரியில் பால்கனி விளக்கு எரிகிறதா? எரிகிறது என்றார். அணைத்துவிடுங்கள் என்றேன். இது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டார். அது பெரிய கதை என்று எழுதிவிட்டு நழுவிக்கொண்டேன்.

அந்தக் கதை கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் நடந்தது. எங்கள் வீடும் சித்தி வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா காய்கறி லாரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் மலைக்குக் கீழேதான் இருப்பார். அம்மாவும் அப்பாவும் தேயிலை ஆலையில் வேலை செய்தார்கள். சித்தி மட்டும் தினமும் வேன் ஏறி, கோலா தெர்லாவில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பூத்தோட்டத்துக்குப் போய் வந்தாள். கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பைப்பு, தண்ணீர் பிடித்து வைக்க ஆளுக்கொரு தோங். தோங் என்பது நீல நிறத்தில் ஆள் இடுப்பளவு நிற்கும் பிளாஸ்டிக் பீப்பாய்.

சித்திரை மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேரேறுவாள். அவளுக்குப் போடும் முதல் மாலை வருடத்துக்கு ஒரு குடும்பத்தின் முறை. அந்தப் பூ வீட்டுக் கொல்லையில் விளைந்ததாக இருக்க வேண்டும். மலை முழுக்கப் பூ விளையும் ஊரில் இருந்துகொண்டு கடை மாலையை அம்மனுக்குப் போடுவது மானக்கேடு என்று லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அந்த வருடம் எங்கள் தாத்தா குடும்பத்தின் முறை, அதாவது எங்கள் வீடும் சித்தி வீடும் சேர்ந்து செய்ய வேண்டியது. பூ இல்லையென்றால் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று இல்லை என்று சொல்லவேண்டும். முறை அடுத்த லயத்துக்குப் போய்விடும், திரும்பி வருவதற்குள் நான் கல்யாணமாகிப் போயிருப்பேன் என்று அம்மா சொன்னாள். சித்தி தன் பூத்தோட்டத்தில் கழித்துப் போட்ட செவ்வந்திக் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள், அம்மா அவற்றைப் பாத்தி கட்டி நட்டாள். அதுவரைக்கும் இரண்டு பேரும் அக்கா தங்கையாகத்தான் இருந்தார்கள்.

தை பிறந்ததும் மழை நின்றது. கேமரன் மலையில் வெயிலா என்று கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் குளிர்ந்த காற்றிலும் மண் வெடிக்கும் என்பதை அந்த வருடம் பார்த்தேன். பைப்பில் காலையில் சிறிது நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்றுதான் வரும். அம்மா அசரவில்லை. ஆலையில் கழிக்கும் தேயிலைக் குச்சியை மூட்டை கட்டிக்கொண்டு வந்து பாத்தி முழுக்கப் பரப்பினாள். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் செவ்வந்திக்கே. என்னைக் குளிக்கவைக்கும் தண்ணீரும் வீணாகக் கூடாது என்று பாத்தியின் ஓரத்தில் ஒரு கல்லைப் போட்டு, அந்தக் குளிரில், சோப்பும் இல்லாமல், என்னை அதன்மேல் நிற்கவைத்து ஊற்றினாள். பல் கிடுகிடுக்க நான் அழுதால், "அம்மனுக்காகப் பொறுத்துக்கடி" என்பாள். அம்மன்மேல் எனக்கு மிகுந்த கோபம் இருந்தது.

அப்போதுதான் சண்டை வந்தது. காலையில் விளிம்பு வரை நிரப்பிவைத்த எங்கள் தோங், மறுநாள் விடியும்போது ஒரு சாண் இறங்கியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. கொல்லைக்கு வந்து போகிற ஆள் சித்தி ஒருத்திதான் என்று அம்மா முடிவுகட்டினாள். கேட்டாளா என்றால், கேட்டாள், எங்கள் செவலைக் கோழியிடம்.

எங்கள் லயத்தில் இதற்கு ஜாடை பேசுவது என்று பெயர். பேச்சு நின்றுபோன இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைக் கோழியிடமோ நாயிடமோ துடைப்பத்திடமோ உரக்கச் சொல்வார்கள். "ஏ கோழி, தண்ணி வேணும்னா வாய்விட்டுக் கேக்கணும்லா. இருட்டுல வந்து மொண்டுகிட்டுப் போறது மனுசன் செய்யுற வேலையா?" என்றாள் அம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் சித்தியின் கை அப்படியே நின்றது. அதே கோழியைப் பார்த்து, "நாக்குல நரம்பில்லாம பேசுறவங்ககிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள். அன்றைக்கே அம்மா பிடிவாதமாக நின்று, கொல்லைச் சுவரில் அப்பாவைக்கொண்டு ஒரு பல்பு மாட்டவைத்தாள். பொழுது சாய்ந்தால் போடுவாள், விடிந்தால்தான் அணைப்பாள். தோங்குக்கும் செவ்வந்திக்கும் அதுதான் காவல்.

பேச்சு நின்றதே தவிர, செடி பற்றிய ஆலோசனை நிற்கவில்லை. அது எனக்கு அப்போது பெரிய வேடிக்கையாக இருந்தது. "சில பேரு உச்சி வெயில்ல பயித்தங்காய்க்குத் தண்ணி ஊத்துறாங்க, வேரு வெந்துபோவும்னு தெரியாது" என்று அம்மா கோழியிடம் அலுத்துக்கொள்வாள். மறுநாளிலிருந்து சித்தி சாயங்காலம் ஊற்றுவாள். "சில பேரு எலைக்கு மேல பாத்துட்டு செடி நல்லாருக்குன்னு நெனச்சிக்கிறாங்க, அடியில திருப்பிப் பாத்தாதான் செம்பேன் தெரியும்" என்று சித்தி கோழிக்குப் பாடம் எடுப்பாள். அம்மா காதில் விழாதமாதிரி நிற்பாள். சித்தி உள்ளே போனதும் குனிந்து ஒவ்வொரு இலையாகத் திருப்புவாள். அந்த வறட்சியில் லயத்திலேயே பச்சையாக இருந்தவை இந்த இரண்டு கொல்லைகள்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் செடிக்கு வைத்தியம் தெரிந்துகொள்ள எங்கள் வேலியோரம் வந்து சும்மா நிற்கத் தொடங்கினார்கள். எங்கள் தோங்கின் அடியில் கிடந்த புதினாவோ யாரும் தண்ணீர் ஊற்றாமலே மண்டிக்கொண்டு வளர்ந்தது. அதை அம்மா தன் கைராசி என்று எல்லோரிடமும் காட்டினாள்.

மாசி பிறந்தது. செவ்வந்தி என் மார்பு உயரம் வளர்ந்துவிட்டது, ஒரு மொட்டு இல்லை. அம்மா ஆட்டுப் புழுக்கை போட்டாள், முட்டை ஓடு பொடித்துப் போட்டாள், அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணி கட்டினாள். ஒரு சாயங்காலம் சித்தி கோழியைக் கூப்பிட்டு, "ராவும் பகலும் வெளிச்சமா இருந்தா செவ்வந்தி எப்படி மொட்டு வைக்கும்? இருட்டு வேணும்ல அதுக்கு" என்றாள்.

அம்மாவுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஏன், கோலா தெர்லாவுல ராத்திரி பூரா கொட்டகைக்குள்ள லைட்டு எரியல? ரோட்டுல போற எல்லாருந்தான் பாக்குறோம். அங்க பூ பூக்கலையா? இங்க மட்டும் லைட்ட அணைக்கணுமாம். அணைச்சா யாருக்கு வசதின்னு கோழிக்கே தெரியும்லா."

"அங்க செடி உசரமா வளரட்டும்னு லைட்டு போடுறாங்க. வளந்ததும் அணைச்சிடுவாங்க, அதுக்கப்புறந்தான் மொட்டே வரும். அங்க கெடந்து வேலை செய்யுறவளுக்குத் தெரியாதா?" என்றாள் சித்தி. அம்மா பதிலுக்கு அப்பாவிடம் சொல்லி இரண்டாவது பல்பும் மாட்டவைத்தாள். பூத்தோட்டத்தில் விளக்கு எரிகிறது, அங்கே பூவும் பூக்கிறது, ஆகவே விளக்கு கூடக்கூடப் பூ சீக்கிரம் வரும் என்பது அவள் கணக்கு. சாயங்காலமானால் மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கொட்டகைகள் மஞ்சளாக மின்னுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா தோங்கை நிரப்பி மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சித்தி வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு எங்கள் கொல்லைக்குள் வந்தாள். கையில் ஒரு பித்தளைப் பூட்டு. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தோங்கின் மூடியைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தை இறுக்கி, அதன் ஓட்டையில் பூட்டை மாட்டி அழுத்தினாள். சாவி இரண்டையும் என் கையில் வைத்தாள். அன்றைக்கு அவள் கோழியைக் கூப்பிடவில்லை.

"உங்கம்மாகிட்ட குடு. தோங்குக்குப் பூட்டுப் போட்டாச்சு, ரெண்டு சாவியும் அவங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே யாரும் திருட முடியாது. அந்த லைட்ட மட்டும் அணைக்கச் சொல்லு. முறை போயிடக் கூடாது."

அம்மா சாவிகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் விளக்கு எரியவில்லை. நான் மட்டும் ஓட்டமாக ஓடி, சித்தி திருட்டை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று லயத்துப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் ஜெயித்துவிட்டது என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை அம்மா பூட்டைத் திறந்தாள். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. "சித்திகிட்ட இன்னொரு சாவி இருக்கும்மா!" என்று நான் கத்தினேன். இத்தனை நாள் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்த அம்மா இப்போது லயமே கூடும்படி சத்தம் போடப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் பூட்டைப் பார்த்தாள். தோங்கைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதினாவைக் கொத்தாகப் பிடுங்கினாள். அடியில் மண் சேறாக இருந்தது. தோங்கின் அடிவிளிம்பில் விரலை ஓட்டியவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். தலைமயிர் கனத்தில் ஒரு கீறல்.

முந்தானையால் கைச்சேற்றைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, வாளி வாளியாக மொண்டு, எங்கள் தண்ணீர் முழுவதையும் சித்தியின் தோங்கில் கொண்டுபோய் ஊற்றினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம தண்ணிய எதுக்கு அவங்களுக்கு ஊத்துறீங்க?" என்று கேட்டேன். "வாய மூடிக்கிட்டு வாளியப் புடி" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. தேயிலை ஆலைத் தூசி தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்டைத் துடைத்து இரண்டு சாவிகளோடு வேலிக் கட்டையின்மேல் வைத்தாள் அம்மா. சித்தி அதைப் பார்த்துவிட்டு, "குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் நம்ம வீட்டுல இல்ல, கோழி" என்றாள். பூட்டு அங்கேயே கிடந்தது. மறுநாள் அம்மாவே எடுத்து உள்ளே வைத்தாள். சித்தியின் கோபத்திலும் நியாயம் இருந்தது, அவள் பிடிவாதம் அம்மாவின் பிடிவாதத்துக்கு ஒரு பிடிகூடக் குறைந்ததில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு புதுப் பழக்கம் பிடித்தாள். ஆலையிலிருந்து வந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அந்த வாசல் கதவு இப்போதெல்லாம் சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டியிருக்கும். சித்தியின் வேன் சத்தம் கேட்டதும் முறத்தோடு எழுந்து வந்துவிடுவாள். அம்மா சண்டை போடத்தான் காத்திருக்கிறாள் என்று நான் நம்பினேன். அதை நேரில் பார்க்கும் ஆசையில் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாளும் சண்டை நடக்கவில்லை. புது ஆட்கள் வந்து போகிற இடத்தில் ஒரு கயிற்றை நம்பி வீட்டை விட்டுப் போகிறாளே, என்ன அலட்சியம் இந்தச் சித்திக்கு என்றும் நினைத்தேன்.

பங்குனியில் செவ்வந்தியின் நுனிகளில் மிளகு மிளகாக மொட்டுகள் கண்டன. அம்மா பாத்திக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதாள். கடைசியில் மழையும் வந்தது. தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் கூடை நிறைய மஞ்சள் பூவைப் பறித்து வைத்துக்கொண்டு, "இவ்வளவு பூவையும் ஒத்த ஆளு கட்ட முடியுமா?" என்று கோழியிடம் கேட்டாள். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒருத்தி ஒரு முனையிலிருந்தும் மற்றவள் மறுமுனையிலிருந்தும் கட்டிக்கொண்டே வந்தார்கள், பேச்சில்லாமல். மாலை நடுவில் சேர்ந்தபோது யார் முடிச்சுப் போடுவது என்று கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு இருவரும் சேர்ந்தே போட்டார்கள்.

தேரன்று காலை எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினோம். சித்தி புதுப்புடவையோடு குனிந்து கதவில் ராஃபியா கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா போய் அவள் கையை விலக்கினாள். கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, அந்தப் பித்தளைப் பூட்டைத் தன் பையிலிருந்து எடுத்துக் கதவின் கொண்டியில் மாட்டிப் பூட்டினாள். அது அந்தக் கதவுக்கென்றே வாங்கியதுபோல அளவாகப் பொருந்தியது. சாவி இரண்டையும் சித்தியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அக்கா" என்றாள் சித்தி.

"நேரமாச்சு, வா புள்ள" என்றாள் அம்மா. கோழி பக்கத்தில் எங்கும் இல்லை.

இருவரும் மாலைத் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கு மட்டும் மனசே சரியில்லை. எங்கள் வீட்டில் புதுத் தோங் வாங்கியிருந்தார்கள், விளிம்பு வரை தண்ணீர் இருந்தது, பூட்டையோ அம்மா தூக்கிக் கொடுத்துவிட்டாள். லயமே கோயிலுக்குப் போகிற நாளில் யாராவது மொண்டுகொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று நான் திரும்பித் திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். தன் வீட்டைக் கயிற்றால் கட்டிவிட்டு எங்கள் தண்ணீருக்குப் பூட்டுப் போட்டவள், எனக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாள்.